ஆடியோ நிறுவனத்தின் காப்புரிமைக் குழு: எதைப் பதிவு செய்வது, எதை மூடி வைப்பது?

பெங்களூர்_டெசிபெல் கேட்டது:

வணக்கம். நாய்ஸ் கேன்சலிங் ஹெட்ஃபோன், கான்ஃபரன்ஸ் ஸ்பீக்கர், அவற்றுக்குள் ஓடும் டிஎஸ்பி (ஒலிச் சமிக்ஞையைச் செயலாக்கும்) மென்பொருள் ஆகியவை எங்கள் நிறுவனத்தின் தயாரிப்புகள். ஆராய்ச்சியின் பெரும்பகுதி பெங்களூரில், மீதி கலிபோர்னியாவில். தலைமையகமும் அங்கேதான். அடுத்த மாதம் முதல் ஆறு பேர் கொண்ட காப்புரிமைக் குழு என் பொறுப்பில் வருகிறது. சிக்னல் ப்ராசசிங் எனக்குத் தெரியும். சட்டப் பக்கத்துக்கு இரண்டு பேடன்ட் ஏஜென்ட்கள் குழுவில் இருக்கிறார்கள்.

இப்போது வரும் கண்டுபிடிப்புப் படிவங்களில் பாதிக்கு மேல் நியூரல் நெட்வொர்க் வைத்து இரைச்சல் நீக்கும் உத்திகள். எல்லாவற்றையும் பதிவு செய்யப் பணம் இல்லை. எதைத் தேர்ந்தெடுப்பது? இரண்டு நாட்டிலும் கண்டுபிடிப்பாளர்கள் இருந்தால் முதலில் எங்கே தாக்கல் செய்வது? இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 3(கே) அல்காரிதத்துக்குப் பதிவு இல்லை என்று சொல்லும்போது, இங்கே ஆடியோ அல்காரிதத்துக்குப் பதிவு கேட்பதில் அர்த்தம் உண்டா? கோடெக் (ஒலியைச் சுருக்கி விரிக்கும் முறை) தரநிலைக் கூட்டங்களுக்கு ஆள் அனுப்பலாமா என்றும் மேலிடம் கேட்கிறது. இதையெல்லாம் செய்து பழகியவர்கள் விவரமாகச் சொன்னால் நல்லது.

---

அலைவடிவம் பதில்:

கண்டுபிடிப்புப் படிவத்தின் முதல் கேள்வியை மாற்றுங்கள். "இதில் புதுமை என்ன?" என்பது இரண்டாவதாக வரட்டும். முதலில் இதைக் கேளுங்கள்: "போட்டியாளரின் பொருளைக் கடையில் வாங்கி வந்தால், அதற்குள் இது இருக்கிறது என்று எப்படிக் காட்டுவீர்கள்?" அவர்களுடைய சோர்ஸ் கோடைப் பார்த்தால் தெரியும் என்று பதில் வந்தால், பெரும்பாலும் அது ரகசியமாக இருக்க வேண்டிய சரக்கு. விண்ணப்பம் 18 மாதத்தில் வெளியாகிவிடும். உத்தியை ஊருக்கே சொல்லிக்கொடுத்த பிறகு, யார் எடுத்தார்கள் என்று காட்டவும் வழி இருக்காது.

நியூரல் இரைச்சல் நீக்கத்தில் இந்தக் கோடு ஓரளவு தெளிவாகவே விழும். பயிற்சித் தரவை எந்த விகிதத்தில் கலந்தீர்கள், லாஸ் ஃபங்ஷனில் (பயிற்சியில் பிழையை அளக்கும் சூத்திரம்) எந்தப் பகுதிக்கு எவ்வளவு எடை, நெட்வொர்க்கின் எண்களை 8 பிட்டுக்குக் குறைக்கும்போது எந்த லேயரைத் தொடவில்லை என்பதெல்லாம் வெளியிலிருந்து அளக்க முடியாதவை. அவற்றை உள்ளேயே வையுங்கள். காற்று வீசும்போது வெளி மைக்கை விட்டுவிட்டு உள் மைக்கிலிருந்து குரலின் கீழ்ப்பகுதியை எடுத்துக்கொள்வது, இடது வலது இயர்பட்கள் தங்களுக்குள் எதைப் பரிமாறிக்கொள்கின்றன, எவ்வளவு முன்னோக்கிப் பார்த்துவிட்டு ஒலியை விடுகிறது என்பவை அளந்தால் தெரியும். கிளெய்ம் (எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் வாசகம்) அங்கே நிற்க வேண்டும்.

ஏஎன்சி (எதிர் ஒலியால் இரைச்சலைத் தணிப்பது) உதாரணம் ஒன்று. காது மெத்தையில் கசிவு வந்தால் வடிகட்டியைத் தானாகத் திருத்தும் உத்தி உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். போட்டியாளரின் ஹெட்ஃபோனை, ஐடியு-டி பி.57 வகைக் காது சிமுலேட்டர் உள்ள டம்மி தலையில் மாட்டுங்கள். சுற்றிலும் ஸ்பீக்கர் வைத்துப் பிங்க் நாய்ஸ் போடுங்கள். மெத்தைக்கு அடியில் மெல்லிய குழாய் ஒன்றைச் செருகி அதன் வாயைத் திறந்து மூடுங்கள். 50 முதல் 300 ஹெர்ட்ஸ் வரை தணிப்பு காலத்தோடு எப்படி மாறுகிறது என்று ஸ்பெக்ட்ரோகிராமில் பாருங்கள். திறந்ததும் தணிப்பு விழுந்து அப்படியே கிடந்தால், அது நிலையான வடிகட்டி. விழுந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏறினால் அடாப்டிவ். படிப்படியாகத் துள்ளினால், முன்பே சேமித்த சில வடிகட்டிகளிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது. இந்த மூன்று நடத்தைகளில் எதை உங்கள் கிளெய்ம் தொடுகிறது என்று வரைவு எழுதும்போதே தெரிந்திருக்க வேண்டும். "எஃப்எக்ஸ்எல்எம்எஸ் முறையில் கெழுக்களைப் புதுப்பித்து" என்று (வடிகட்டியைத் திருத்தும் அல்காரிதத்தின் பெயரைச் சொல்லி) எழுதினால் ஃபர்ம்வேரை உடைத்தால்தான் நிரூபணம். "கசிவு கூடியதை உள் மைக் சமிக்ஞையிலிருந்து கண்டறிந்து, குறிப்பிட்ட அலைவெண்ணுக்குக் கீழே பின்னூட்ட ஆதாயத்தைக் குறைத்து" என்று எழுதினால் ஆய்வகத்திலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

அடிக்கடி பார்க்கும் இன்னொரு கோளாறு: ஒரே கிளெய்முக்குள் ஃபோன், இயர்பட், கிளவுட் சர்வர் மூன்றையும் நுழைப்பது. மூன்றும் மூன்று பேருடையதாக இருந்தால் மீறியவர் யார்? ஒரே ஆள் செய்யும் வேலையாக எழுதுங்கள். பட் என்ன பெறுகிறது, என்ன செய்கிறது, என்ன அனுப்புகிறது என்பதோடு நிறுத்துங்கள். ஃபோனுக்குத் தனி கிளெய்ம்.

---

படிவம்_25 பதில்:

அலைவடிவம் சொன்னது எதைப் பதிவு செய்வது என்பதற்கு. நான் தேதிகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். உரிமை கைவிட்டுப் போவது பெரும்பாலும் இங்கேதான்.

பெங்களூரில் வசிக்கும் கண்டுபிடிப்பாளர் ஒருவர் இருந்தாலே இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 39 (அனுமதி இல்லாமல் முதலில் வெளிநாட்டில் தாக்கல் செய்யக் கூடாது என்பது) வந்துவிடும். குடியுரிமையை அது பார்ப்பதில்லை, வசிப்பிடத்தைப் பார்க்கிறது. பெங்களூரில் குடியிருக்கும் ஜெர்மானியருக்கும் பொருந்தும். கலிபோர்னியாவில் குடியிருக்கும் இந்தியருக்குப் பொருந்தாது. வழி இரண்டு. இந்தியாவில் முதலில் தாக்கல் செய்து ஆறு வாரம் காத்திருப்பது, அல்லது படிவம் 25 கொடுத்து வெளிநாட்டு அனுமதி வாங்குவது. அனுமதியைச் சாதாரணமாக 21 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று விதி. இதை மறந்து அமெரிக்காவில் போட்டுவிட்டால், இந்திய விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படும், பதிவாகியிருந்தாலும் ரத்தாகும். பிரிவு 118-ல் இரண்டு வருடம் வரை சிறைக்கும் இடம் உண்டு.

கலிபோர்னியாவில் உருவான பகுதிக்கு அமெரிக்கச் சட்டத்திலும் இதே மாதிரி அனுமதி தேவை. ஆகவே கலப்புக் குழுவுக்கு வழக்கமான வரிசை: படிவம் 25 அனுமதி, பிறகு அமெரிக்க ப்ரொவிஷனல் (தேதியைப் பிடித்து வைக்கும் தற்காலிக விண்ணப்பம்). அந்த ரசீதோடு அமெரிக்க அனுமதியும் பொதுவாக வந்துவிடும். பிறகு 12 மாதத்துக்குள் பிசிடி (பல நாடுகளுக்கு வழி திறக்கும் சர்வதேச விண்ணப்பம்).

இதில் ஒரு பொறி. படிவம் 25-உடன் கொடுக்கும் விவரணம் ஒரு மைக் அமைப்பைப் பற்றி இருக்கும். பத்து மாதம் கழித்து பிசிடி வரைவில் மூன்று மைக் பீம்ஃபார்மிங் (ஒரு திசை ஒலியைத் தேர்ந்தெடுப்பது) ஒன்றையும் பொறியாளர் சேர்த்துவிடுவார். புதிதாகச் சேர்ந்த அந்தப் பகுதி பழைய அனுமதிக்குள் வராது. மறுபடி 25 போட வேண்டும். அதனால் பிசிடி வரைவை 11-ஆம் மாதம் தொடங்காதீர்கள், 9-ஆம் மாதமே கையில் எடுங்கள்.

அடுத்தது வெளியீடு. தாக்கலுக்கு முன்பே விஷயம் வெளியே போனால் புதுமை போய்விடும். அமெரிக்கா, ஜப்பான், கொரியா மூன்றிலும் கண்டுபிடிப்பாளரே வெளியிட்டிருந்தால் 12 மாதச் சலுகை உண்டு. ஐரோப்பாவில் பொதுவான சலுகை கிடையாது. ஆர்க்கைவ் இணையதளத்தில் ஏற்றிய கட்டுரை, இன்டர்ஸ்பீச் மாநாட்டில் காட்டிய போஸ்டர், ஜனவரியில் சிஇஎஸ் கண்காட்சி அரங்கில் யாரும் மாட்டிப் பார்க்கக் கொடுத்த மாதிரி எல்லாமே வெளியீடு. ஆய்வுக்குழு கட்டுரை அனுப்பும் தேதிகளை (ஐகாஸ்ப், இன்டர்ஸ்பீச் போன்ற மாநாடுகள்) உங்கள் நாட்காட்டியில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எட்டு வாரம் முன்னால் அந்தக் குழுவோடு ஒரு கூட்டம் வையுங்கள். 21 நாள் அனுமதிக்கே போய்விடும் என்பதை மறக்க வேண்டாம்.

2024 மார்ச்சில் இந்திய விதிகள் மாறின. பரிசோதனைக் கோரிக்கைக்கு 48 மாதம் இருந்தது 31 ஆனது. வெளிநாட்டு விண்ணப்பங்களைச் சொல்லும் படிவம் 3-ஐ முதல் பரிசோதனை அறிக்கை வந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். பயன்பாட்டு அறிக்கையான படிவம் 27 மூன்று நிதியாண்டுக்கு ஒரு முறை. பழைய டாக்கெட் (கெடுத் தேதிகளைக் கண்காணிக்கும்) மென்பொருளில் இன்னும் 48 மாதம் என்று இருந்தால் உடனே திருத்துங்கள்.

---

கிண்டி_வாசல் பதில்:

3(கே) பற்றி. கர்நாடகம் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தின் எல்லைக்குள்தான் வரும். உங்கள் கோப்பு கிண்டிக்குப் போகும்.

சட்டம் சொல்வது கணித முறை, வணிக முறை, கணினி நிரல் மட்டுமாக இருப்பது, அல்காரிதம் ஆகியவற்றுக்குப் பதிவு இல்லை என்று. 2019 டிசம்பரில் ஃபெரித் அல்லானி வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம், தொழில்நுட்ப விளைவோ பங்களிப்போ இருந்தால் கணினி நிரலை அடிப்படையாகக் கொண்டது என்பதற்காகவே மறுக்கக் கூடாது என்றது. ஆடியோவுக்கு இது சாதகம். மைக்கிலிருந்து வரும் காற்றழுத்தமும் ஸ்பீக்கரிலிருந்து போகும் காற்றழுத்தமும் கணக்கு அல்ல. ஆனால் அந்தச் சாதகத்தைப் பெரும்பாலான வரைவுகள் தாங்களே கெடுத்துக்கொள்கின்றன. "முதல் வெக்டரைப் பெற்று, மாஸ்க் ஒன்றைக் கணித்து, பெருக்கி" என்று கிளெய்ம் போனால், பரிசோதகர் கண்ணுக்கு அது கணக்குப் புத்தகம்.

மைக் எங்கே இருக்கிறது, சமிக்ஞை எந்த ஃப்ரேம் நீளத்தில் வெட்டப்படுகிறது, ப்ராசசர் எதைக் கட்டுப்படுத்துகிறது, கடைசியில் டிரைவருக்கு (ஒலி எழுப்பும் பாகம்) என்ன போகிறது என்று ஓட்டம் முழுமையாக இருக்க வேண்டும். விவரணத்தில் எண் வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸ், 10 மில்லிசெகண்ட் ஃப்ரேம், பழைய முறையில் தாமதம் இவ்வளவு, இதில் இவ்வளவு, நினைவகம் இவ்வளவு மிச்சம். "ஒலி தெளிவாக இருந்தது" என்பது எங்கேயும் செல்லாது. கேட்புச் சோதனை செய்திருந்தால் முஷ்ரா மதிப்பெண் (கேட்பவர்கள் தருவது), எத்தனை பேர், பேச்சென்றால் போல்கா மதிப்பெண் (மென்பொருள் கணிப்பது), என்ன இரைச்சல், எத்தனை டெசிபெல் எஸ்என்ஆர் (சமிக்ஞைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம்) என்று அட்டவணையாகவே போடுங்கள். விண்ணப்பத்தில் இல்லாத விளைவை முதல் பரிசோதனை அறிக்கைக்குப் பதில் எழுதும்போது புதிதாகக் கொண்டுவந்தால் எடுபடுவது கடினம்.

நிரல் பதிந்த ஊடகம் என்ற கிளெய்மை இந்தியாவுக்கு வரும்போதே கழற்றிவிடுங்கள். அமெரிக்காவில் வைத்துக்கொள்ளலாம்.

ஐரோப்பாவில் கதை வேறு. அங்கே பரிசோதனை வழிகாட்டியே ஆடியோ இரைச்சல் நீக்கம், பேச்சில் ஒலிமூலங்களைப் பிரிப்பது போன்றவற்றைத் தொழில்நுட்ப நோக்கத்துக்கு உதாரணமாகச் சொல்கிறது. அங்கே தகுதிச் சண்டை குறைவு, வெளியீட்டுத் தேதியில்தான் அடிபடுவோம். அதனால் குறைந்த பணத்தில் இரைச்சல் நீக்கத்துக்கு எங்கே என்று கேட்டால், என் வரிசை அமெரிக்கா, ஐரோப்பா, பொருள் தயாராகும் நாடு, பிறகுதான் இந்தியா. சந்தை இங்கே பெரிதாக இருந்தால் வரிசை மாறும்.

---

அலைவடிவம் பதில்:

கிண்டி_வாசல் ஐயா சொன்ன வரிசையில் ஒரு சின்ன மாற்றுக் கருத்து. வன்பொருள் உள்ள ஆடியோ கண்டுபிடிப்புக்கு (மைக் துளையின் வடிவம், காற்றழுத்தம் சமன்செய்யும் வழி, டிரைவருக்குப் பின்னால் உள்ள அறை) இந்தியாவைப் பின்னால் தள்ள வேண்டாம். அவற்றுக்கு 3(கே) தொல்லையே இல்லை. பொருளைப் பிரித்தால் கண்ணால் பார்த்து நிரூபிக்கலாம். பொறியாளர்கள் இவற்றை "வெறும் மெக்கானிக்கல்" என்று படிவமே போடுவதில்லை என்பதுதான் சிக்கல்.

---

பிட்ஸ்ட்ரீம் பதில்:

தரநிலைக்கு ஆள் அனுப்புவது பற்றி. எந்த அமைப்பு என்பதைப் பொறுத்துப் பதில் தலைகீழாக மாறும்.

எம்பெக் (எம்பி3, ஏஏசி போன்றவற்றை வகுத்த குழு) வகைத் தரநிலைகளில் பிட்ஸ்ட்ரீமும் (சுருக்கிய தரவு) டீகோடரும்தான் (அதை விரிப்பது) கட்டாயம். சுருக்கும் என்கோடரை எப்படி வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். ஆகவே என்கோடருக்குள் பிட் ஒதுக்கும் அருமையான சைக்கோஅகவுஸ்டிக் (காது எதைக் கேட்கும் என்பதை வைத்த) உத்திக்குக் காப்புரிமை வாங்கினாலும் அது தரநிலைக்கு இன்றியமையாதது (தரநிலையைப் பின்பற்றும் எவரும் தவிர்க்க முடியாதது) ஆகாது. டீகோடர் படிக்க வேண்டிய ஒரு ஃபீல்டு அந்த உத்தியால் பிறந்தால்தான் ஆகும். செல்பேசித் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபியின் கோடெக்குகளில் (இவிஎஸ், ரிலீஸ் 18-ல் வந்த ஐவாஸ்) என்கோடரும் சி நிரலோடு சேர்த்து விவரிக்கப்படுகிறது. அங்கே என்கோடர் கிளெய்மும் இன்றியமையாததாகலாம். எந்தப் பக்கம் எழுதுவது என்பதை அமைப்பைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

புளூடூத் எல்இ ஆடியோவின் எல்சி3 கோடெக் வேறு கணக்கு. புளூடூத் எஸ்ஐஜி (புளூடூத் தரநிலையை நடத்தும் அமைப்பு) உறுப்பினர்கள் தரநிலைக்குத் தேவையான உரிமைகளை ஒருவருக்கொருவர் ராயல்டி இல்லாமல் தரும் ஒப்பந்தத்தில் இருக்கிறார்கள். அங்கே போவது ராயல்டிக்காக அல்ல, தரநிலை உங்கள் சிப்புக்குச் சாதகமாக அமையட்டும் என்பதற்காக. 3ஜிபிபியில் இட்ஸியிடம் (ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தரநிலை அமைப்பு) அறிவித்து, நியாயமான பாரபட்சமற்ற விலையில் உரிமம் தருகிறேன் என்று எழுதிக்கொடுக்க வேண்டும். ஓபஸ் கோடெக் வந்த, இணையத் தரநிலைகளை வகுக்கும் ஐஇடிஎஃப்பில் (ஆர்எஃப்சி 6716, 2012) பங்கேற்பவர் தனக்குத் தெரிந்த தன் நிறுவனக் காப்புரிமையை வெளியிடுவது கட்டாயம். கூட்டத்துக்குப் போகும் பொறியாளர் இந்த மூன்று விதிகளையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு பேசினால், அவர் வாயிலிருந்து நிறுவனத்தின் உரிமை போகும்.

3ஜிபிபிக்குக் கூட்ட ஆவணம் ஏற்றினால் அது யாரும் பார்க்கும் சர்வரில் விழுகிறது. அதாவது ஏற்றிய அன்றே வெளியீடு. கூட்டத் தேதிக்கு முன்னால் தாக்கல் செய்தால் போதும் என்று கணக்குப் போடாதீர்கள், ஏற்றும் தேதிக்கு முன்னால் செய்ய வேண்டும். தரநிலையின் இறுதி வாசகம் உறையும் வரை ஒரு தொடர் விண்ணப்பத்தை (பழைய தேதியோடே புதுக் கிளெய்ம் கேட்க விடுவது) திறந்தே வையுங்கள். வாசகம் மாறினால் உங்கள் கிளெய்ம் ஒரு வார்த்தையில் தவறிவிடும்.

ஆறு பேர் குழுவுக்கு என் கருத்து: முதல் ஆண்டு எஸ்ஐஜி மட்டும் போதும். 3ஜிபிபி ஆடியோ குழுவில் கேட்கப்படும் இடத்துக்கு வர முழுநேர ஆள், கேட்புச் சோதனைச் செலவு, பல வருடப் பொறுமை எல்லாம் வேண்டும்.

---

பெங்களூர்_டெசிபெல் கேட்டது:

மிக்க நன்றி. தொடர்ச்சியாக இரண்டு. படிவங்கள் எல்லாம் இரண்டு ஸ்லைடாக வருகின்றன. அவற்றையே ப்ரொவிஷனலாகப் போட்டுவிடலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது. சரியா? போட்டியாளர் பொருளை அளக்கும்போது பின்னால் ஆதாரமாக நிற்க என்ன செய்ய வேண்டும்?

---

படிவம்_25 பதில்:

ஸ்லைடைப் போடலாம், ஸ்லைடில் உள்ளதற்கு மட்டுமே அந்தத் தேதி கிடைக்கும். முழு விண்ணப்பத்தில் வரும் கிளெய்முக்கு அதில் ஆதரவு இல்லையென்றால் முன்னுரிமைத் தேதி போச்சு. இடையில் நீங்களே வெளியிட்ட கட்டுரை உங்களுக்கு எதிராக நிற்கும், ஐரோப்பாவில் மீள வழி இல்லை. அவசரமென்றால் ஸ்லைடு, பொறியாளரின் வடிவமைப்புக் குறிப்பு, ப்ளாக் வரைபடம், மூன்று மாற்று வடிவங்கள், எண்களுக்கு வரம்பு (ஃப்ரேம் 5 முதல் 20 மில்லிசெகண்ட், அதிலும் 10 சிறந்தது என்பது போல) ஆகியவற்றையாவது சேர்த்துப் போடுங்கள். 6 டெசிபெல் என்று ஒரே எண்ணைச் சொல்லி நின்றால், போட்டியாளர் 5 வைத்துக்கொண்டு போய்விடுவார்.

---

அலைவடிவம் பதில்:

படிவம் வருவதற்காகக் காத்திருக்காதீர்கள். பிழைப் பதிவேட்டைத் திறந்து, மூடப்பட்ட டிக்கெட்டுகளில் "ஊளை", "டப் சத்தம்", "காற்று", "எக்கோ திரும்புகிறது", "ஒரு பக்கம் மட்டும் தாமதம்" என்று தேடுங்கள். பலரும் முட்டிக்கொண்டிருந்த ஒன்றை யாரோ இரண்டு நாளில் தீர்த்திருப்பார். அவருக்கு அது கண்டுபிடிப்பாகவே தோன்றாது. ஆய்வுக்குழுவின் கட்டுரைகளை விட ட்யூனிங் மேசையிலிருந்து வருபவை அதிகம் அளக்கக்கூடியவையாக இருக்கும்.

தேடலில் ஒரு எச்சரிக்கை: பேச்சு என்றதும் காப்புரிமை வகைப்பாட்டில் ஜி10எல் பிரிவை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்துகிறார்கள். ஏஎன்சி ஜி10கே 11/178-ல் இருக்கிறது, இயர்ஃபோன் எச்04ஆர் 1/10-ல், ஸ்பீக்கர்ஃபோன் எக்கோ எச்04எம் 9/08-ல், ஸ்பேஷியல் எச்04எஸ்-ல். ஒரே உத்தி பல வீட்டில் குடியிருக்கும்.

அளவீட்டு ஆதாரம்: சில்லறைக் கடையில், ரசீதோடு, இரண்டு பெட்டி வாங்குங்கள். ஒன்றைப் பிரிக்காமல் வையுங்கள். மற்றதை இணையத்தில் சேர்க்கும் முன்பே தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்த முடியுமா என்று பாருங்கள். சீரியல் எண், ஃபர்ம்வேர் பதிப்பு, ஃபோன் மாடல், செயலிப் பதிப்பு எல்லாம் முதல் பக்கத்தில். மூல வேவ் (ஒலிப்பதிவு) கோப்புகளை மாற்றாமல் ஹாஷோடு (கோப்பு மாறவில்லை என்று காட்டும் குறியீடு) சேமியுங்கள். புதுப்பிப்பு வந்த பிறகு நடத்தை மாறினால், பழைய பதிப்பில் எடுத்ததுதான் உங்கள் ஆதாரம். பயனர் ஒப்பந்தத்தில் ரிவர்ஸ் இன்ஜினியரிங் தடை என்ன சொல்கிறது என்பதை வழக்கறிஞர் படித்த பிறகு தொடங்குங்கள். அறிக்கையும் அவர் கேட்டு, அவருக்கே போகட்டும். பொறியாளர் மின்னஞ்சலில் "இது அப்படியே மீறல்தான்" என்று நான்கு பேருக்கு எழுதக் கூடாது. நம் பொருளைப் பற்றி எழுதினால் இன்னும் மோசம்.

தாமதத்தை அளக்க ஒரு கிளிக் ஒலி போதும், ஆனால் பாஸ்த்ரூ (செயலாக்காமல் அப்படியே விடும்) நிலையின் தாமதத்தைக் கழிக்க மறக்காதீர்கள். மிஞ்சுவதுதான் ஃப்ரேமும் முன்னோக்கும். கான்ஃபரன்ஸ் ஸ்பீக்கரில் பாக்கெட் இழப்பை எப்படி மறைக்கிறது என்று பார்க்க, நடுவில் லினக்ஸ் பெட்டி வைத்து நெட்எம் கருவி மூலம் வேண்டுமென்றே பாக்கெட்டை விடுங்கள். எந்தப் பாக்கெட் போனது என்ற பதிவும் ஒலிப்பதிவும் ஒரே கடிகாரத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு நிபுணருக்கு அதுவே போதும்.

---

பிட்ஸ்ட்ரீம் பதில்:

தொடர் விண்ணப்பத்தைத் திறந்து வைப்பது பற்றிச் சொன்னேன், அதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பல அறை ஸ்பீக்கர் விஷயத்தில் சோனோஸ் என்ற ஸ்பீக்கர் நிறுவனம் கூகுள் மீது 2020-ல் வழக்குப் போட்டது. 2022 ஜனவரியில் அமெரிக்கச் சர்வதேச வர்த்தக ஆணையம் ஐந்து காப்புரிமைகள் மீறப்பட்டதாக முடிவு செய்தது. கூகுள் ஸ்பீக்கர் குழுவின் ஒலியளவை ஒரே முறையில் மாற்றும் வசதியை மாற்றியமைக்க வேண்டியதாயிற்று. பயனர் விரலால் தொட்டுப் பார்க்கும் வசதி, நிரூபிக்கச் சோர்ஸ் கோடு தேவையில்லை என்பதைக் கவனியுங்கள். தனி வழக்கில் 2023 மேயில் ஜூரி 3.25 கோடி டாலர் கொடுத்தது. அக்டோபரில் நீதிபதி அதைத் தள்ளினார். 2006-ல் தொடங்கிய காப்புரிமைக் குடும்பத்தில் (ஒரே மூல விண்ணப்பத்திலிருந்து கிளைத்தவை) 2019-ல்தான் அந்தக் கிளெய்ம்களைக் கேட்டது நியாயமற்ற தாமதம் என்று காரணம் சொன்னார். 2025-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தாமதம் பற்றிய அந்த முடிவை மாற்றியது. ஆனாலும் நடுவில் இரண்டு வருடம் போயிற்று. ஆகவே முக்கியமான குடும்பங்களை மட்டும் திறந்து வையுங்கள், ஆண்டுக்கு ஒரு முறையாவது சந்தையைப் பார்த்துக் கிளெய்மைக் கேட்டுவிடுங்கள்.

---

கிண்டி_வாசல் பதில்:

செலவுக்கு ஒரு குறிப்பு. அமெரிக்காவில் 3 தனிக் கிளெய்ம் (வேறு கிளெய்மைச் சாராதது), மொத்தம் 20 வரை கூடுதல் கட்டணம் இல்லை. ஐரோப்பாவில் 15. இந்தியாவில் 10, அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் நிறுவனங்களுக்கு மின்தாக்கலில் 1,600 ரூபாய், 30 பக்கத்துக்கு மேல் பக்கத்துக்கு 800. அமெரிக்க வரைவை அப்படியே கிண்டிக்கு அனுப்பினால் வீண் செலவு. பிசிடியிலிருந்து வரும்போது எந்தக் கிளெய்ம்களை நீக்குவது என்ற பட்டியலை அமெரிக்க வரைவு எழுதும் அன்றே ஓரத்தில் குறித்து வையுங்கள். 31-ஆம் மாதக் கடைசி வாரத்தில் அதை யோசிக்க யாருக்கும் நேரம் இருக்காது.